கிரைண்டர் ஸ்டாண்டு போதுமா, 14 இன்ச் கட்டிங் மெஷின் வேண்டுமா?

ஆங்கிள் கிரைண்டரை ஸ்டாண்டில் மாட்டினால் குட்டிக் கட்டிங் மெஷின் தயார் என்று கடையில் சொல்வார்கள். சொல்வதில் தப்பில்லை, ஆனால் எந்தச் சாமானுக்கு என்பதைச் சொல்ல மாட்டார்கள். ஸ்டாண்டு ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய்க்குள் வந்துவிடுகிறது. பட்டறைகளில் சாப் சா என்றும் சொல்லப்படும் 14 இன்ச் கட்டிங் மெஷின் பத்தாயிரத்தை ஒட்டி நிற்கிறது. இந்த வித்தியாசத்தை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, ஒரு மாதம் கழித்து ஸ்டாண்டைப் பரணில் போட்டவர்கள் நிறையப் பேர். விலையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது இரண்டு: நீங்கள் அறுக்கும் சாமானின் உயரம் எவ்வளவு, அந்த ஸ்டாண்டின் கீலில் ஆட்டம் எவ்வளவு.

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் வழியாக ஏர்வாடி, மூக்கையூர் வரை இரும்பு வேலை ஒரே மாதிரி இல்லை. வீட்டு ஜன்னல் கிரில், ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்கு ஆங்கிள் (எல் வடிவ இரும்பு), சோலார் பேனலுக்குச் சட்டம் என்று ஒரு பக்கம். விசைப்படகு கைப்பிடிக்கு ஸ்டீல் (எவர்சில்வர்) பைப், இறால் பண்ணைக்குத் தாங்கிச் சட்டம், கூண்டு மீன் வளர்ப்புக்குத் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் என்று இன்னொரு பக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு வேலை முழுக்கச் சேர்ந்து வந்து விழும். அந்த நேரத்தில் எந்த மெஷின் கைகொடுக்கும் என்பதை இப்போதே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

அறுக்கும் ஆழம்

4 இன்ச் கிரைண்டர் என்றால் 4 இன்ச் ஆழம் அறுக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் பாதி, அதாவது 2 இன்ச் அறுக்கும் என்று நினைப்பதுதான் சிக்கல். டிஸ்க்குக்கு மேலே கியர் ஹெட், அதாவது பல்சக்கரம் இருக்கும் தலைப்பகுதி, தடித்து நிற்கிறது. அது சாமானில் முட்டும் வரைதான் டிஸ்க் இறங்கும். நம் கடைகளில் 4 இன்ச் என்று தரும் டிஸ்க்குகள் பெரும்பாலும் 105 அல்லது 107 மி.மீ. இருக்கும். புது டிஸ்க்கை மாட்டி, அதன் விளிம்பிலிருந்து கியர் ஹெட்டின் அடி வரை ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 25 முதல் 28 மி.மீ. கிடைத்தால் அதிகம். 5 இன்ச் கிரைண்டரில், அதாவது 125 மி.மீ. டிஸ்க்கில், 33 முதல் 35 கிடைக்கும்.

இதிலும் ஒரு கழிவு உண்டு. டிஸ்க் வட்டம், சாமானின் அடி தட்டை. ஒரு சதுர பைப்பின் கீழ் மூலைகள் இரண்டும் அறுபட வேண்டுமென்றால் டிஸ்க்கின் நடு அதற்கும் கீழே போக வேண்டும். 25 மி.மீ. சதுர பைப்புக்கு இந்த உபரி ஒன்றரை மி.மீ.; ஆகத் தேவை 26.5. 4 இன்ச்சில் புது டிஸ்க் என்றால் அறுந்துவிடும். நாலைந்து பைப் அறுத்து டிஸ்க் தேய்ந்ததும் அடியில் ஒரு கீற்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அதையே 45 டிகிரியில் அறுத்தால் அகலம் 35 மி.மீ. ஆகிவிடுகிறது, தேவை 28ஐத் தாண்டுகிறது. ஆகவே ஒரு இன்ச் சதுர பைப்பில் பிரேம் அடிப்பவருக்கு 4 இன்ச் ஸ்டாண்டு சரிவராது. 5 இன்ச்சில் அதே வெட்டு நிம்மதியாக முடியும்.

வட்ட பைப்பில் பெயருக்கும் அளவுக்கும் சம்பந்தமில்லை. அரை இன்ச் பைப்பின் வெளி விட்டம் 21.3 மி.மீ., முக்கால் இன்ச் 26.9, ஒரு இன்ச் 33.7, ஒன்றேகால் இன்ச் 42.4, ஒன்றரை இன்ச் 48.3, இரண்டு இன்ச் 60.3. 4 இன்ச் ஸ்டாண்டு அரை இன்ச் பைப்பை ஒரே வெட்டில் முடிக்கும். முக்கால் இன்ச் பைப்பில் புது டிஸ்க் இருக்கும்வரை முடிக்கும். 5 இன்ச் ஸ்டாண்டு ஒரு இன்ச் பைப்பை எட்டிப் பிடிக்கும். கூண்டு மீன் வளர்ப்புச் சட்டத்துக்கு வழக்கமாகப் போடும் ஒன்றரை இன்ச் ஜி.ஐ. பைப் எந்த ஸ்டாண்டிலும் ஒரே வெட்டில் அடங்காது. திருப்பித் திருப்பி அறுக்கலாம்தான். இரண்டு வெட்டும் சந்திக்கும் இடத்தில் அரை நூல் (ஏறக்குறைய ஒன்றரை மி.மீ.) படி விழும், வெல்டிங்கில் அந்த இடம் ஓட்டையாகும்.

ஆங்கிளை மட்டும் படுக்க வைக்கக் கூடாது. முதுகு மேலே, இரண்டு ஓரமும் கீழே இருக்கும்படி கூரை மாதிரி கவிழ்த்து வைத்தால் 25 மி.மீ. ஆங்கிளின் உயரம் 18 மி.மீ.தான். டிஸ்க்கும் எல்லா நேரமும் ஒரே அளவு இரும்பைத்தான் தொடும், மாட்டாது. 25 ஆங்கிள் 4 இன்ச்சிலேயே சுலபம். 32 ஆங்கிளுக்கு 5 இன்ச் வேண்டும். 40 ஆங்கிள் என்றால் 5 இன்ச்சிலும் புது டிஸ்க்கில் தொட்டும் தொடாமலும்தான். அங்கிருந்து மேலே 14 இன்ச் மெஷினின் ராஜ்யம். அது 100 மி.மீ. பைப்பைக்கூடக் கேள்வி கேட்காமல் அறுக்கும்.

4 இன்ச்சா, 5 இன்ச்சா

ஸ்டாண்டுதான் என்று முடிவானால் 5 இன்ச் கிரைண்டருக்கான ஸ்டாண்டையே வாங்குங்கள். ஆழம் ஒரு காரணம், விளிம்பு வேகம் இன்னொரு காரணம். நிமிஷத்துக்கு 11,000 சுற்றில் 105 மி.மீ. டிஸ்க்கின் விளிம்பு விநாடிக்கு 60 மீட்டர் ஓடுகிறது. தேய்ந்து 80 மி.மீ. ஆனதும் 46 மீட்டர். அப்போது அறுப்பதை விட்டு உரசத் தொடங்கும், இரும்பு நீலம் பாரிக்கும், ஆள் அமுக்குவார், டிஸ்க் வளையும். 125 மி.மீ. டிஸ்க் அதே சுற்றில் 72 மீட்டர். 14 இன்ச் மெஷின் 3,800 சுற்றில் தருவதும் ஏறக்குறைய இதே 70 மீட்டர்தான். வேகத்தில் 5 இன்ச், பெரிய மெஷினுக்குச் சமம். குறைவது ஆழமும் பிடிப்பும் மட்டுமே.

4 இன்ச்சுக்கு இருக்கும் ஒரே பலம், டிஸ்க் எந்த ஊர்ச் சாமான் கடையிலும் கிடைக்கும். 5 இன்ச் டிஸ்க்குக்கு ராமநாதபுரம் டவுனுக்குப் போக வேண்டியிருக்கலாம். ஒரு தடவைக்கு ஐம்பது வாங்கி வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

இரண்டுக்கும் நடுவே ஒரு குறுக்கு வழி ஓடுகிறது: 4 இன்ச் கிரைண்டரின் கார்டை (டிஸ்க்கை மூடும் காப்புத் தகடு) கழற்றிவிட்டு, 16 மி.மீ. ஓட்டை டிஸ்க் ஏறும் இடத்தில் 22 மி.மீ. ஓட்டை டிஸ்க்கை புஷ் (இடைவெளியை நிரப்பும் வளையம்) போட்டு மாட்டுவது. டிஸ்க் நடுவில் உட்காராது, அதிரும், உடைந்தால் தடுக்க எதுவுமில்லை. இதைவிடவும் மோசமானது, மரம் அறுக்கும் பல் பிளேடை கிரைண்டரில் மாட்டுவது. ஸ்டாண்டில் இருக்கிறதே என்று துணிகிறார்கள். பல் ஒரு இடத்தில் கவ்வினால் கீலோடு சேர்ந்து மெஷினே எகிறும். இரண்டும் வேண்டாம்.

ஸ்டாண்டில் எங்கே ஆட்டம்

கடையில் ஸ்டாண்டைப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லி, அடித்தட்டை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கிரைண்டர் மாட்டும் ஸ்டாண்டுக் கையின் நுனியை உங்கள் இன்னொரு கையால் இடமும் வலமும் அசையுங்கள். கீல் இருக்கும் இடத்தில் கால் மி.மீ. இடைவெளி இருந்தால் டிஸ்க் இருக்கும் நுனியில் அது ஒரு மி.மீ.க்கு மேல் போகும். ஒரு மி.மீ. தடிமன் டிஸ்க்குக்கு அவ்வளவு ஆட்டம் போதும்: முதலில் சாய்ந்து இறங்கும், பாதியில் வெட்டின் சுவரில் உரசும், சத்தம் மாறும், பிறகு சிதறும். ஸ்டாண்டு மட்டமாக அறுக்கவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்தக் கீலில்தான் முடிகின்றன.

குறைந்த விலை ஸ்டாண்டுகளில் கை அலுமினிய வார்ப்பு, நடுவில் வெறும் போல்ட்டு, புஷ் கிடையாது. லேத் பட்டறையில் ஓட்டையைச் சீராகப் பெரிதாக்கி ஒரு பித்தளை புஷ் இறக்கி, நூல் இல்லாத மொழுக்குத் தண்டுப் போல்ட்டைப் போட்டு, இரு பக்கமும் நைலான் வாஷர் வைத்து, தானாகத் தளராத நைலாக் நட்டால் இறுக்கினால் ஆட்டம் போகும். கை தன் ஸ்பிரிங்கில் தானாக மேலே எழும்பும் அளவுக்கே இறுக்கம் இருக்க வேண்டும். செலவு சில நூறு ரூபாய். இந்த வேலையைச் செய்ய மனமில்லையென்றால் ஸ்டாண்டே வாங்காதீர்கள். கையால் பிடித்து அறுப்பதே பாதுகாப்பு.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. கியர் ஹெட்டில் கைப்பிடி மாட்டும் ஓட்டைகளில்தான் ஸ்டாண்டுப் போல்ட்டு ஏறும். சில கிரைண்டரில் அது எம்8, சிலதில் எம்10. வாங்குமுன் கிரைண்டரைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். போல்ட்டு 10, 12 மி.மீ. உள்ளே போனால் போதும். நீளம் மிஞ்சி அடியில் முட்டிய பிறகும் ஸ்பேனரைத் திருகினால் கியர் ஹெட் விரியும். அடித்தட்டை 18 மி.மீ. பிளைவுட்டில் நான்கு எம்8 போல்ட்டால் இறுக்கிவிட வேண்டும். தரையில் சும்மா வைத்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் நகரும்.

அடுத்தது சுற்றும் திசை. கியர் ஹெட்டில் அம்புக்குறி அடித்திருக்கும். டிஸ்க்கின் அடிப்பகுதி உங்களை விட்டு விலகி, பின்னால் இருக்கும் தடுப்பை நோக்கி ஓட வேண்டும். அப்போதுதான் சாமான் தடுப்போடு அழுந்தும், பொறியும் பின்பக்கம் போகும். தப்பான பக்கம் மாட்டினால் பொறி வயிற்றில் அடிக்கும், டிஸ்க் சாமான் மேல் ஏறி ஸ்டாண்டுக் கையைத் தூக்கி எறியும். மின் ஒயரை ஸ்டாண்டுக் கையின் முதுகோடு கட்டிப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். தொங்கவிட்டால் பொறி பட்டு உருகும்.

மட்டம் பார்க்க மூலைமட்டம் ஒன்றே போதாது. ஒரு பட்டையை அறுத்து, ஒரு துண்டை மட்டும் குப்புறத் திருப்பி இரண்டு முனையையும் ஒட்டி வைத்துப் பாருங்கள். தெரியும் இடைவெளி உண்மைப் பிசகைப் போல இரண்டு மடங்கு, ஆகவே கண்ணுக்கு எளிதில் பிடிபடும். பக்கவாட்டுப் பிசகைத் தடுப்பை நகர்த்திச் சரிசெய்யலாம். மேல்கீழ் பிசகுக்கு கிரைண்டருக்கும் ஸ்டாண்டுக் கைக்கும் நடுவே மெல்லிய வாஷர் செருக வேண்டும்.

ஒரே நீளத்தில் நிறைய துண்டு வேண்டுமென்று ஒரு முனையில் தடுப்புக்கட்டை வைக்கிறார்கள். அறுந்து விழும் துண்டு அந்தக் கட்டைக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மாட்டிக்கொண்டு எகிறும். டிஸ்க் உடைவதில் கணிசமானவை இப்படித்தான். கட்டையில் அளவை முட்டவைத்து, சாமானைக் கவ்விப் பிடிக்கும் வைஸை இறுக்கி, கட்டையை எடுத்துவிட்டு அறுக்க வேண்டும். 20 அடி பைப்பின் நீளப் பக்கத்துக்கு அடித்தட்டு மட்டத்தில் தாங்கல் கொடுங்கள்; அறுந்து விழும் பக்கத்துக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு பக்கமும் தாங்கினால் வெட்டு வாய் மூடி டிஸ்க்கைக் கவ்வும். டி.எம்.டி. கம்பியைக் கட்டாக வைத்து அறுப்பதும் இதே ஆபத்துதான். நடுவில் இருக்கும் கம்பி உருளும்.

14 இன்ச் மெஷின் தருவதும் கேட்பதும்

பெரிய மெஷினின் உண்மையான பலம் வைஸ். திருகுத் தண்டு, கனமான தடுப்பு, 16 முதல் 18 கிலோ எடை. இரண்டு இன்ச் பைப்பைக் கவ்வினால் அசையாது. கார்டு டிஸ்க்கைப் பெரும்பகுதி மூடியிருக்கும். ஸ்விட்ச் விசைப்பிடி மாதிரி, விரலை எடுத்தால் நின்றுவிடும். கிரைண்டர் ஸ்டாண்டில் இது இல்லை. தள்ளு ஸ்விட்ச் போட்ட கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால், திரும்ப வரும் நொடியில் ஆள் பக்கத்தில் இல்லாமலே சுற்றத் தொடங்கும். கரண்டு வந்து வந்து போகும் ஊருக்கு இது சின்ன விஷயமல்ல. அமுக்கிப் பிடித்தால் மட்டும் ஓடும் பேடில் ஸ்விட்ச் கிரைண்டரை ஸ்டாண்டுக்கு எடுப்பது நல்லது. அது இல்லையென்றால் காலால் மிதிக்கும் ஸ்விட்ச் ஒன்றை நடுவில் போடலாம்.

பெரிய மெஷின் மட்டமாக அறுக்கும் என்பதையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். 355 மி.மீ. டிஸ்க் மூன்று மி.மீ. தடிமன் இருந்தும், அவசரப்பட்டு அமுக்கினால் வளைந்து கோணலாகத்தான் இறங்கும். வெட்டு ஓரத்தில் பிசிறும் நீலமும் ஸ்டாண்டை விட அதிகம். நூறு வெட்டுக்கு பெரிய டிஸ்க் 30 செ.மீ. இரும்பைத் தூளாக்கும், 1.2 மி.மீ. டிஸ்க் 12 செ.மீ. சாதா இரும்பில் இது பொருட்டில்லை. ஸ்டீல் பைப்பில் கொஞ்சம் உறுத்தும். மெல்லிய 1.2 மி.மீ. சுவர் பைப்பை அறுக்க ஸ்டாண்டில் 1 மி.மீ. டிஸ்க்தான் சுத்தம்: பத்து விநாடிக்குள் முடியும், ஒரு தடவை அரம் போட்டால் பிசிறு போய்விடும்.

கரண்டு விஷயத்தில் வித்தியாசம் பெரியது. 4 இன்ச் கிரைண்டர் 600 முதல் 850 வாட். சாதா 6 ஆம்பியர் பிளக்கில் ஓடும். கடற்கரையில் படகுப் பக்கத்தில் 2 கே.வி.ஏ. ஜெனரேட்டரே போதும். 14 இன்ச் மெஷின் 2,000 வாட்டுக்கு மேல், ஓட்டத்தில் 10 ஆம்பியர், கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு. 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும், ஜெனரேட்டர் என்றால் 5 கே.வி.ஏ. பக்கம் பாருங்கள். 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் போடுவதாக இருந்தால் 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போடுங்கள். 1 சதுர மி.மீ. ஒயரில் ஓட்டத்திலேயே 11 வோல்ட் கீழே விழும். கிளம்பும்போது மோட்டார் முனகும், ஒயர் சுருளாகக் கிடந்தால் உருகும். எது வாங்கினாலும் ஈர மணலில் நின்று வேலை செய்பவர் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாத லைனில் கைவைக்கக் கூடாது.

உப்புக் காற்று

காரைக்குடி சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், துருப் பரிசோதனைக்கு மண்டபத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பதிலிருந்தே இந்தக் காற்றின் குணம் தெரியும். ஸ்டாண்டில் முதலில் போவது கீல். அலுமினியக் கையில் இரும்புப் போல்ட்டு, நடுவே உப்பு ஈரம். வெள்ளைத் தூளாக அலுமினியம் அரித்து, போல்ட்டு உள்ளேயே இறுகிவிடும். மாதத்துக்கு ஒரு தடவை போல்ட்டை உருவி, துடைத்து, படகுத் தண்டுக்குப் போடும் கிரீஸைத் தடவி மாட்டினால் வருஷக்கணக்கில் வரும். வைஸின் திருகில் கிரீஸ் போட்டால் இரும்புத் தூள் ஒட்டி அரைக்கும். அங்கே எண்ணெயில் நனைத்த துணியால் துடைப்பது மட்டும்.

ஸ்டாண்டுக்கு இங்கே ஒரு சாதகம் இருக்கிறது. சாயங்காலம் தூக்கி வீட்டுக்குள் வைத்து மூடிவிடலாம். 18 கிலோ மெஷினை யாரும் தினம் தூக்குவதில்லை. கொட்டகையில் நின்றபடியே வைஸ் திருகு இறுகி, அடித்தட்டு செதில் செதிலாக உதிரும். பெரிய மெஷின் வாங்குபவர் அதற்கு மூடி போட்ட மரப்பெட்டி ஒன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

டிஸ்க்கும் ஈரத்தை உறிஞ்சும். அதன் பசை ரெசின். ஈரம் ஏறினால் பலம் குறையும். நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் அடித்திருக்கும், அது காலாவதி. தயாரித்து மூன்று ஆண்டு வரைதான். பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி, படுக்க வைத்துப் பாதுகாக்கவும். ஆணியில் வரிசையாக மாட்டித் தொங்கவிட்ட டிஸ்க்கைக் கடலோரத்தில் நம்பக் கூடாது.

ஸ்டீல் வேலை செய்பவருக்கு இன்னொன்று. படகுக் கைப்பிடி 304 ரக ஸ்டீலாக இருந்தாலும் 316 ரகமாக இருந்தாலும், சாதா இரும்பு அறுத்த அதே வைஸில் பிடித்து, அதே டிஸ்க்கால் அறுத்தால் இரும்புத் தூள் ஸ்டீலில் பதியும். பாலிஷ் போட்டுக் கொடுத்த சில வாரத்தில் செம்புள்ளி கிளம்பும். வாடிக்கையாளர் பைப் போலி என்று சண்டைக்கு வருவார். ஐநாக்ஸ் என்று அச்சடித்த, இரும்பும் குளோரினும் கந்தகமும் கலக்காத டிஸ்க்கைத்தான் ஸ்டீலுக்குப் போட வேண்டும். வைஸ் தாடைக்கு அலுமினியத் தகடு மடித்து மாட்ட வேண்டும். இரண்டு உலோகத்தையும் அடிக்கடி மாற்றி அறுப்பவர், பெரிய மெஷினை இரும்புக்கும் ஸ்டாண்டை ஸ்டீலுக்கும் என்று பிரித்துக்கொள்ளலாம். ஸ்டாண்டுக்கு இதைவிட நல்ல வேலை வேறில்லை.

ஜி.ஐ. பைப்பை அறுத்தால் துத்தநாகப் புகை வரும். காற்றோட்டம் இல்லாத அறையில் நாள் முழுக்க அறுத்தால் இரவில் குளிர்க்காய்ச்சல் மாதிரி நடுக்கும். அறுத்த முனைக்குத் துத்தநாகப் பெயின்ட் இரண்டு கை அடிக்காமல் விட்டால், அங்கிருந்துதான் துரு உள்ளே ஓடும். அலுமினியத்தைக் கல் டிஸ்க்கால் அறுக்காதீர்கள். டிஸ்க்கின் முகத்தில் உருகி அடைத்து, சூடேறி வெடிக்கும்.

பொறி, காற்று, துணி

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பொறி எங்கே விழும் என்பது மெஷின் கையில் இல்லை. ஸ்டாண்டின் குட்டிக் கார்டு பொறியை அடக்காது. பின்னால் ஒரு தகரத்தை நிறுத்தி, அதன் அடியில் தண்ணீர்ச் சட்டி வைக்கலாம். பட்டறைக்குப் பின்னால் காய்ந்து கிடக்கும் சீமைக்கருவேல முள், ஓலைக் கொட்டகை, குவித்துப் போட்ட நைலான் வலை, பைபர் படகு ஒட்டும் ரெசின் டின் எதுவும் காற்றுப் போகும் திசையில் இருக்கக் கூடாது. பைபர் வேலையும் இரும்பு வேலையும் ஒரே கூரைக்கடியில் நடக்கும் இடங்களில் அறுப்பை வெளியே கொண்டுபோங்கள். ரெசினோடு சேர்க்கும் கேட்டலிஸ்ட்டும், பிரஷ் கழுவும் அசிட்டோனும் பொறிக்குக் காத்திருக்கும் சாமான்கள்.

கைலியும் தோளில் துண்டும் வேண்டாம். பேன்ட், மூடிய செருப்பு, கண்ணாடிக்கு மேல் முகத்தட்டு, காதில் அடைப்பான். தொளதொளக் கையுறை டிஸ்க்கில் சுற்றிக்கொள்ளும்.

மற்ற வழிகள்

வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வெட்டுக்கு மேல் இல்லாத வீட்டுக்காரருக்கு இரண்டும் வேண்டாம். நல்ல வைஸ் ஒன்றும் ஹாக்சாவும் போதும். ஒரு இன்ச் பைப்பை, இன்ச்சுக்கு 24 பல் உள்ள பிளேடு இரண்டு மூன்று நிமிஷத்தில் அறுக்கும், பொறியும் இல்லை. படகின் மேலேயே, கழற்ற முடியாத கம்பியை அறுக்கக் கையில் பிடித்த கிரைண்டரைத் தவிர வழியில்லை. ஸ்டாண்டு வாங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்: தினம் இரண்டு தடவை கழற்றி மாட்ட வேண்டியிருந்தால் மட்டம் தினம் தப்பும். ஸ்டாண்டுக்கென்று ஒரு கிரைண்டர் அங்கேயே இருக்க வேண்டும். அந்த இரண்டாவது கிரைண்டர் விலையையும் சேர்த்தால் ஸ்டாண்டு அவ்வளவு மலிவில்லை.

கார்பைடு பல் பிளேடு போட்டு 1,300 சுற்றில் ஓடும் குளிர் வெட்டு மெஷின்களும் சந்தையில் உண்டு. வெட்டு கண்ணாடி மாதிரி, பொறி கொஞ்சம்தான். ஆனால் துருப்பிடித்த பழைய நங்கூரக் கம்பியிலோ டி.எம்.டி. கம்பியிலோ வைத்தால் பல் உதிரும், ஒரு பிளேடு விலை இரண்டு ஸ்டாண்டுக்குச் சமம். புதுச் சாமான் மட்டும் அறுக்கும், அலுமினியப் பார்ட்டிஷன் மாதிரி வேலைகளும் எடுக்கும் பட்டறைக்கே அது பொருந்தும்.

ஆக, ஜன்னல் கிரில், 25 ஆங்கிள், முக்கால் இன்ச் வரை ஸ்டீல் பைப், 12 மி.மீ. வரை கம்பி என்று ஓடும் ஒற்றை ஆள் பட்டறைக்கு, கீலுக்கு புஷ் போட்ட 5 இன்ச் ஸ்டாண்டு போதும். ஒன்றேகால் இன்ச் பைப் மாதத்தில் நான்கு தடவை வந்தாலே 14 இன்ச் மெஷினுக்குப் போங்கள். ஸ்டாண்டில் திருப்பித் திருப்பி அறுத்து மிச்சம் பிடிக்கும் பணம் வெல்டிங் ராடில் போய்விடும். தடைக்காலத்தில் மட்டும் கனத்த வேலை வருபவர் அந்த இரண்டு மாதத்துக்கு வாடகைக்கு எடுப்பதே கணக்குக்குச் சரி.

பழைய 14 இன்ச் மெஷின் கிடைக்கிறது என்று போனால், டிஸ்க்கைக் கழற்றி 25.4 மி.மீ. தண்டை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் பேரிங் போயிருக்கிறது. டிஸ்க்கை இரு பக்கமும் பிடிக்கும் இரண்டு பிளாஞ்சும் ஒரே விட்டத்தில் இருக்கின்றனவா, ஒன்றைத் தொலைத்துவிட்டு வாஷர் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வைஸ் திருகை முழு நீளமும் ஓட்டிப் பாருங்கள். கடைசியாக டிஸ்க் இல்லாமல் ஓடவிட்டு, காற்றுத் துளை வழியே கம்யூட்டேட்டரை (மோட்டாரில் கார்பன் உரசும் செம்பு உருளை) கவனியுங்கள். கார்பனுக்கு அடியில் சின்ன நீலப் பொறி சகஜம்; வட்டம் முழுக்க மஞ்சள் வளையமாகச் சுற்றினால் ஆர்மேச்சர் பழுதாகியிருக்கிறது என்று அர்த்தம், விலையில் ரீவைண்டிங் கூலியைக் கழித்துப் பேசுங்கள்.